ஜனநாயகம் சர்வாதிகாரத்தைத் தடுக்குமா?



நம் மஹல்லாக்களில் இரண்டு விதமான பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பெரியவர்கள் சொல்வது: "நம் நாட்டில் ஓட்டு இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. யார் வந்தாலும் என்ன செய்துவிட முடியும்?" இளைஞர்கள் சிலர் சொல்வது: "ஜனநாயகம் என்பதே ஒரு ஏமாற்று. 51 பேர் சேர்ந்து 49 பேரை மிதிப்பதற்கு மரியாதையான ஒரு பெயர், அவ்வளவுதான்." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் பேச்சை முழுதாக நம்புகிறவர் தூங்கிப் போவார். இரண்டாவதை நம்புகிறவர் ஓட்டுச் சாவடிக்கே போகமாட்டார்.

நாம் இந்த நாட்டில் எண்ணிக்கையில் சிறிய சமுதாயம். ஒரு நல்ல ஆட்சிமுறை எப்படிக் கெட்டுப்போகிறது என்பது டீக்கடையில் பேசிக் கலைகிற விஷயமாக நமக்கு இருக்க முடியாது. அதனால்தான் இன்று மிம்பரில் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் சர்வாதிகாரம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பழைய காலத்து மன்னன் வரி கேட்பான், படைக்கு ஆள் கேட்பான். அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பது உங்கள் வீடு. இருபதாம் நூற்றாண்டில் உலகம் பார்த்த சர்வாதிகாரம் கதவோடு நிற்கவில்லை. பிள்ளை எந்தச் சங்கத்தில் சேர வேண்டும், ஆசிரியர் எந்தப் பாடத்தை நடத்த வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரோடு பழகலாமா கூடாதா என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்தது. ஜெர்மனியில் 1933 ஜூலையில் அரசு ஊழியர்கள் ஒருவரையொருவர் எப்படி முகமன் கூற வேண்டும் என்றே உத்தரவு போட்டார்கள். கையை நீட்டி ஹிட்லரின் பெயரைச் சொல்ல வேண்டும். நாம் சலாம் சொல்கிற இடத்தில் ஒரு மனிதனின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த ஆட்சி எப்படி வந்தது? இரவோடு இரவாகப் படை எடுத்து வரவில்லை. நம் பெரியவர்கள் சொன்ன ஓட்டு, கோர்ட், பத்திரிகை மூன்றும் இருந்த நாட்டில்தான் வந்தது.

ஜெர்மனியில் நடந்தது

1919ல் ஜெர்மனி எழுதிய அரசியல் சட்டம் அன்றைய உலகத்தின் சிறந்த சட்டங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. பெண்களுக்கும் ஓட்டு இருந்தது. பேச்சுரிமை, மத உரிமை எல்லாம் எழுதப்பட்டிருந்தன. கூடவே 48வது பிரிவு என்று ஒன்றும் இருந்தது. நாட்டில் ஒழுங்குக்கு ஆபத்து என்றால் ஜனாதிபதி அவசர ஆணை போடலாம், சில உரிமைகளை நிறுத்தியும் வைக்கலாம். தீ விபத்துக்கு வைத்திருக்கும் கோடாரி போல அதை வைத்திருந்தார்கள். 1930க்குப் பிறகு அந்தக் கோடாரியால்தான் தினமும் விறகு பிளந்தார்கள். 1932ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் வெறும் 5. அவசர ஆணைகளோ அறுபதைத் தொட்டன. ஹிட்லர் பதவிக்கு வரும் முன்பே நாடாளுமன்றம் இல்லாமல் ஆட்சி நடத்த அந்த நாடு பழகிவிட்டது.

ஹிட்லரின் கட்சிக்கு 1928 தேர்தலில் கிடைத்தது 2.6 சதவீதம் ஓட்டு. பிறகு உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது, வேலையில்லாதவர்கள் 60 லட்சம் அளவுக்குப் போனார்கள். 1932 ஜூலையில் அதே கட்சி 37.3 சதவீதம் வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் 33.1 ஆகக் குறைந்தது. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் அந்தக் கட்சிக்குப் பாதி ஓட்டு கிடைத்ததில்லை. அதனால் "மக்கள்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தார்கள்" என்று ஒரே வரியில் சொல்வது சரியில்லை. "மக்களுக்குச் சம்பந்தமே இல்லை" என்பதும் சரியில்லை. மூன்றில் ஒரு பங்கு மக்கள் ஏணியைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1933 ஜனவரி 30 அன்று அவனைக் கைபிடித்து ஏற்றிவிட்டவர்கள், ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கும் அவரைச் சுற்றியிருந்த பெரிய மனிதர்களும். மந்திரி சபையில் ஹிட்லரோடு சேர்த்து அவன் கட்சிக்காரர்கள் மூன்றே பேர். மீதி எல்லாம் நம் ஆட்கள்தானே, அவனை நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

பிப்ரவரி 27ல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே 48வது பிரிவின் கீழ் ஓர் ஆணை வந்தது. பேச்சு, பத்திரிகை, கூட்டம் கூடுதல், தபால் ரகசியம் எல்லாம் நிறுத்தம். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அந்த ஆணை 1945ல் அந்த ஆட்சி அழியும்வரை அமலில் இருந்தது.

இனி வரும் பகுதியைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நமக்கு அதிகம் வேண்டியது இதுதான்.

1933 மார்ச் 23. நாடாளுமன்றம் எரிந்துபோனதால் ஓர் இசை நாடக அரங்கில் உறுப்பினர்கள் கூடினார்கள். நாடாளுமன்றத்தைக் கேட்காமலேயே மந்திரி சபை சட்டம் போடலாம், அது அரசியல் சட்டத்தை மீறியும் இருக்கலாம் என்பது அன்று வந்த மசோதா. நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரையும் உள்ளேயே விடவில்லை. சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிலர் சிறையில் இருந்தார்கள், சிலர் நாட்டைவிட்டே ஓடியிருந்தார்கள். அரங்கத்துக்குள் கட்சியின் சீருடைப் படை வரிசையாக நின்றது.

மையக் கட்சி என்று கத்தோலிக்கர்களுடைய கட்சி ஒன்று இருந்தது. மார்க்கப் பற்றுள்ளவர்களின் கட்சி. அதன் தலைவர் லூட்விக் காஸ் ஒரு பாதிரியார். அவர்களும் அந்த நாட்டில் சிறுபான்மைதான், ஒரு காலத்தில் அரசின் கையில் அடி வாங்கியவர்கள்தான். அவர்களிடம் ஹிட்லர் பேரம் பேசினான். திருச்சபையின் உரிமைகளில் கை வைக்கமாட்டேன், உங்கள் பள்ளிக்கூடங்களைத் தொடமாட்டேன் என்றான். எழுதிக் கொடு என்று கேட்டார்கள். கடிதம் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது என்றான். கடிதம் வரவில்லை, ஓட்டெடுப்பு வந்துவிட்டது. கட்சிக்குள்ளே சிலர் இது தவறு என்றார்கள். நாட்டின் பிரதமராக இருந்த ப்ரூனிங்கும் அவர்களில் ஒருவர். கடைசியில் ஒற்றுமை கெட்டுவிடக் கூடாது என்று அவர்களும் சேர்ந்தே ஆதரித்தார்கள். 444 பேர் ஆதரவு, 94 பேர் எதிர்ப்பு. எதிர்த்த 94 பேரும் ஒரே கட்சி. ஆயுதம் ஏந்தியவர்கள் சுற்றி நிற்க, அதன் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து நின்று எதிர்ப்பைச் சொன்னார். பிறகு அவர் நாட்டைவிட்டு வெளியேறி 1939ல் பாரிஸில் இறந்தார்.

ஆதரித்த மையக் கட்சிக்கு என்ன கிடைத்தது? மூன்றரை மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 5ல் கட்சியைத் தானே கலைத்துக்கொள்ளும் நிலை வந்தது. ஜூலை 14ல் ஹிட்லரின் கட்சியைத் தவிர வேறு கட்சி கூடாது என்றே சட்டம் வந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளும் இளைஞர் சங்கங்களும் பின்னால் ஒவ்வொன்றாகப் பறிபோயின.

அன்பானவர்களே, நானும் மார்க்கப் பணியில் இருப்பவன். அந்தப் பாதிரியாரைப் பற்றிப் படிக்கும்போது அவரை ஒரு கெட்ட மனிதராக என்னால் நினைக்க முடியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தம் வழிபாட்டுத் தலத்தையும் பள்ளிக்கூடத்தையும் காப்பாற்றத்தான் அவர் ஆசைப்பட்டார். நம்மில் எத்தனை பேர் அதே கணக்கைப் போடுகிறோம்! பள்ளிவாசலும் மதரஸாவும் நல்லபடியாக இருந்தால் போதும், வேறு யாரைப் பிடித்துக்கொண்டு போனால் நமக்கென்ன என்று. மலைவாழ் மக்களின் நிலம் பறிபோனால் அது அவர்கள் பிரச்சினை. ஒரு பத்திரிகைக்காரர் சிறைக்குப் போனால் அது அவர் எழுதியதற்குக் கிடைத்தது. யாரோ ஓர் அரசியல்வாதி, நமக்கு அவரைப் பிடிக்காது, அவர் வீட்டில் விசாரணை இல்லாமல் புகுந்தால் உள்ளூர ஒரு சந்தோஷம் வேறு. ஃபிர்அவ்னின் ஆட்சியைப் பற்றிக் குர்ஆன் சொல்லும்போது, அவன் மக்களைப் பல பிரிவுகளாக்கி அதில் ஒரு பிரிவை ஒடுக்கினான் என்பதை முன்னால் வைக்கிறது. மற்றப் பிரிவுகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்ற கேள்வி அதைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் வர வேண்டும்.

ஜெர்மனியில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தச் சட்டம் நிறைவேறி இரண்டே வாரத்தில், ஏப்ரல் 7ல், அவர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. இந்தச் சட்டம் போட எந்த ஓட்டெடுப்பும் தேவைப்படவில்லை.

கலீஃபா இருந்தால் போதுமா?

இதைக் கேட்டதும் நான் முதலில் சொன்ன இளைஞர்கள், "பார்த்தீர்களா, மனிதன் போட்ட முறை இப்படித்தான் முடியும், ஒரு நல்ல முஸ்லிம் தலைவர் இருந்தால் போதும்" என்பார்கள். அவர்களுக்கு நம் வீட்டு வரலாற்றையே காட்டுகிறேன்.

அப்பாஸிய கலீஃபா மஃமூன் படிப்பில்லாதவர் அல்ல. கல்வியை வளர்த்தவர், கிரேக்க நூல்களை அரபிக்குக் கொண்டுவரச் செய்தவர். ஹிஜ்ரி 218ல், அதாவது கி.பி. 833ல், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற தம் கருத்தைக் காழிகளும் ஆலிம்களும் ஏற்றாக வேண்டும் என்று பக்தாதின் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்கள். ஏற்காதவருக்குப் பதவி இல்லை, அவருடைய சாட்சியம் செல்லாது, அதற்கு மேல் சிறை. மிஹ்னா என்று நாம் மதரஸாவில் படித்தது இதுதான். பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் பணிந்தன. கடைசிவரை உறுதியாக நின்ற இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களையும் முஹம்மத் இப்னு நூஹ் (ரஹ்) அவர்களையும் விலங்கிட்டு அனுப்பினார்கள். போகும் வழியிலேயே மஃமூன் இறந்த செய்தி வந்தது. திரும்பும் வழியில் இப்னு நூஹ் வஃபாத்தானார்கள். அடுத்த கலீஃபா முஃதஸிமின் காலத்தில் இமாம் அவர்கள் சாட்டையடி பட்டார்கள். மனிதனின் உள்ளத்துக்குள் இருக்கும் நம்பிக்கையை அரசு தேடிப் பிடித்து விசாரித்தது என்றால், சர்வாதிகாரத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அங்கே ஓட்டும் இல்லை, கட்சியும் இல்லை. ஆண்டவர் அறிவாளியான ஒரு முஸ்லிம்.

அபூபக்ர் (ரலி) அவர்கள் பொறுப்பேற்றதும் பேசிய முதல் பேச்சில், நான் சரியாக நடந்தால் உதவுங்கள், கோணினால் என்னை நேராக்குங்கள் என்ற கருத்தைச் சொன்னார்கள். ஆள்பவரைத் திருத்துவதை ஆளப்படுபவரின் கடமையாக ஆக்கிவிட்டார்கள். நேர்வழி நடந்த அந்த கலீஃபாக்களின் காலத்துக்குப் பிறகு, அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றுவதற்கு நம்மவர்கள் நிலையான ஓர் ஏற்பாட்டைச் செய்துவைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆட்சியாளர் கோணினால் ஒன்று பொறுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வாள் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. ரத்தம் சிந்தாமல் ஓர் ஆட்சியாளரை வீட்டுக்கு அனுப்ப முடியும் என்றால் அது சின்ன நிஃமத் அல்ல. ஓட்டுரிமையை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

நம் நாட்டில்

அந்த நிஃமத் தன்னாலே வேலை செய்துவிடுமா என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. இங்கே இருக்கும் பெரியவர்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

1975 ஜூன் 12ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. ஜூன் 25 இரவு எமர்ஜென்சி வந்தது. கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி ஃபக்ருத்தீன் அலி அஹ்மத். நம் சமுதாயத்தவர் என்பதற்காக அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அன்றிரவே டெல்லியில் பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரம் நின்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரணை இல்லாமல் உள்ளே வைத்தார்கள். 1976 ஏப்ரலில் டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதுக்குப் பக்கத்தில் துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்தார்கள், தடுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அதில் எத்தனை பேர் தாமாக விரும்பிப் போனார்கள் என்பதை அல்லாஹ்வே அறிவான். வீட்டுக்குள் நுழைகிற ஆட்சி என்று சொன்னேனே, இங்கே அது உடம்புக்குள்ளேயே நுழைந்தது.

கோர்ட் இருந்ததா? இருந்தது. விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வரலாமா என்ற கேள்வியில் 9 உயர் நீதிமன்றங்கள், வரலாம் என்றன. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி எச். ஆர். கன்னா அரசு வழக்கறிஞரிடம் ஒன்று கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட கேட்க வழியில்லையா? எமர்ஜென்சி இருக்கும்வரை இல்லை என்ற கருத்தில்தான் பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28ல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம். கன்னா மட்டும் மாற்றி எழுதினார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி வரிசைப்படி அவருக்கு வர வேண்டியது. அவருக்கு இளையவரான ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்.

1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. இந்திரா காந்தியே தோற்றார், ஆட்சி மாறியது, எமர்ஜென்சி முடிந்தது. ஆகவே ஓட்டு கைகொடுத்தது என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் 21 மாதம் கழித்து, அதுவும் தேர்தல் வைக்கலாம் என்று அவர்களே முடிவு செய்ததால் கைகொடுத்தது. இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். 1976 ஜனவரி 31ல் நம் மாநிலத்து ஆட்சியைக் கலைத்தார்கள், இங்குள்ள சிறைகளிலும் அடி உதை நடந்தது. இருந்தும் அந்தத் தேர்தலில் தமிழ்நாடு பெரும்பாலான இடங்களைக் காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கே கொடுத்தது. வடக்கே பட்ட அடி நமக்கு அவ்வளவாக வலிக்கவில்லை.

பிறகு 1978ல் 44வது திருத்தம் வந்தது. உள்நாட்டுக் குழப்பம் என்று மட்டும் சொல்லி இனி எமர்ஜென்சி போட முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். மந்திரி சபை எழுத்தில் கேட்க வேண்டும். உயிர் வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது. ஜெர்மனியும் 1949ல் புதிய சட்டம் எழுதியபோது, மனிதனின் கண்ணியத்தைத் தொடும் பிரிவுகளை எந்தப் பெரும்பான்மையும் மாற்ற முடியாது என்று பூட்டு போட்டது. 51 பேர் சேர்ந்து 49 பேரை மிதிப்பது பற்றிக் கேட்ட இளைஞருக்கு இதுதான் பதில். ஓட்டு எண்ணிக்கைக்கு அப்பால் வைக்க வேண்டியவற்றை வைத்தால்தான் ஜனநாயகம் ஜனநாயகமாக இருக்கும்.

இந்தப் பூட்டுகள் நல்லவைதான், அவை வேண்டும். ஆனால் பூட்டைத் திறந்துவிடும் ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். பக்தாதில் காழிகளின் ஒப்புதல் தேவைப்பட்டது. பெர்லினில் 444 பேரின் ஓட்டு தேவைப்பட்டது. டெல்லியில் நான்கு நீதிபதிகளின் கையெழுத்து தேவைப்பட்டது. எவ்வளவு பலமான ஆட்சியாளனும் தனக்கு இன்னும் அடிமையாகாத சிலரிடம் போய் நின்றுதான் ஆக வேண்டியிருக்கிறது. ஜனநாயகம் அப்படிக் கேட்கப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நீதிபதி, கலெக்டர், பத்திரிகை ஆசிரியர், எதிர்க்கட்சிக்காரர், பூத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட், ஓட்டுப் போடும் நீங்கள் என்று பலரைத் தாண்டிப் போக வேண்டும். மறுப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் அது குறைக்கிறது. இமாம் அஹ்மதுக்குச் சாட்டையடி கிடைத்தது, கன்னாவுக்கு ஒரு பதவி போனது. ஆனால் மறுக்கும் மனதை எந்தச் சட்டமும் உள்ளே வைத்துத் தர முடியாது.

ஹிட்லரின் ஆட்சி உச்சத்தில் இருந்த 1940ல்கூட, மனவளர்ச்சி குன்றியவர்களை அரசு ரகசியமாகக் கொல்வதை அறிந்து, லோத்தார் க்ரைஸிக் என்ற நீதிபதி அதைக் கொலை என்று எழுதிப் புகார் கொடுத்தார். தலைவரின் விருப்பமே சட்டம் என்றார்கள். அவர் ஏற்கவில்லை. கட்டாய ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். அவரோடு பதவியில் இருந்த ஆயிரக்கணக்கான நீதிபதிகளில் இப்படி எழுதியவர் வேறு ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை. கொடுங்கோலனின் முன்னால் நியாயத்தைச் சொல்வதை நபி (ஸல்) அவர்கள் மிகச் சிறந்த ஜிஹாதாக ஏன் எண்ணினார்கள் என்பது இதைப் படிக்கும்போது புரிகிறது. ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஒருவர்தான் தேறுகிறார்.

1949 நவம்பர் 25ல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலில் ஒரு தலைவர் மீது வைக்கும் பக்தி கடைசியில் சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். சட்டத்தை எழுதி முடித்தவரே, சட்டம் மட்டும் போதாது என்று அதே மேடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படைத்தவனைத் தவிர யாரையும் கேள்விக்கு அப்பாற்பட்டவராக ஆக்காதே என்று ஐந்து வேளையும் நினைவூட்டப்படுகிற நமக்கு, இது புதிதாகத் தோன்றக் கூடாது. ஆனால் நம் வீட்டு வாசல்களிலும் தலைவர்களின் படங்கள் குறைவில்லை.

சரி, நாம் என்ன செய்வது? வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் உங்கள் வீட்டுப் பெண்களின் பெயரும் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். தெருவில் குடியிருக்கும் மாற்று மதச் சகோதரரின் பெயர் விட்டுப்போயிருந்தால் அவரோடும் தாலுகா ஆபீஸ் வரை போய் வாருங்கள். யாரையாவது விசாரணை இல்லாமல் பிடித்து வைத்தால், அவர் எந்தக் கட்சி, எந்த மதம் என்று விசாரிப்பதற்கு முன்பே அது தவறு என்று சொல்லப் பழகுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். நம் ஜமாஅத்துகளின் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து கணக்குக் கேட்டால், முதலில் வருகிற குரல் "உட்காருப்பா" என்பதுதான். முத்தவல்லி சொல்வதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். இதைச் சொல்கிற நானும் ஜமாஅத்திடம் சம்பளம் வாங்குகிறவன், தெரிந்தேதான் சொல்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் கேட்பவரை முழுக்கக் கேட்கவிடுங்கள். அவர் கேட்பது தவறான கேள்வியாகவே இருந்தாலும் பொருளாளர் நோட்டைப் பிரித்து வைத்துப் பதில் சொல்லட்டும்.